முப்பத்தாறு பல்

ஒன்பது சொன்னான். ஆறாயிரத்துக்கு வேண்டினன்.
சாவி இல்லை. கதை கேக்கக்கூடாது
எண்டதும் விலையோடை சேர்த்தி.
பின்பக்கம் நசுங்கின மாருதி ஒண்டிலையிருந்து
முள்ளந்தண்டைக் கழட்டினமாதிரி
சுன்னாகத்துப் பழஞ்சாமான் கடை வாசலிலை
கிறீஸ் பூசிக் கிடந்த ஸ்ரியறிங் தண்டு.
பஸ்ஸிலை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தன்.
கொண்டக்டர் ரெண்டு ரிக்கற் கிழிச்சான்.

என்ரை கார் எண்டு நான் சொல்லுறது
ஒஸ்ரின் ஏ-ஃபோட்டியின்ரை மேற்பாதி.
கூரையை நாலு விரக்கடை இறக்கி,
மட்காட்டை வெட்டி எறிஞ்சு,
டொல்பின் வானின்ரை எஞ்சினைத் திணிச்சு வைச்சது.
எஞ்சின் வந்து குந்தின இடத்திலைதான்
முந்தி ஸ்ரியறிங் இருந்தது.
அயலுக்குள்ளை அதுக்குப் பேர் மொட்டைக் கார்.

பகலிலை எனக்குப் பல் கட்டுற வேலை.
ஆஸ்பத்திரி வீதி, மேல்மாடி.
மெழுகிலை வளைச்சு, சாந்திலை வார்த்து,
முகம் தெரியாத ஆற்றையோ கடைவாய்க்கு
மயிரளவு மயிரளவா ராவுறது.
ஆனபடியால் தண்டின்ரை நுனியைத் துடைச்சு
முதல் வேலையா எண்ணினன்.
முப்பத்தாறு பல்லு.
அடியிலை பூட்டின லான்சர்ப் பெட்டிக்கு
முப்பத்திரண்டு, மனிசருக்குப்போலை.
கடி பொருந்தாது.

நீளமும் ஏழங்குலம் கூட.
சீற்றிலை இருந்து பாத்தால்
வளையம் நெஞ்சுக்குள்ளை வந்து நிக்குது.
வெளிக்குழாயை வெட்டுறது சுகம்.
உள்தண்டிலை வாளை வைக்கத்தான் கை நிண்டுது.
முட்டினால் தானா மடங்கட்டும் எண்டு
ஆரோ ஒரு ஜப்பான்காரன் யோசிச்சு வைச்ச இடம் அது.
அதைத் தொடாமல் கீழை ஐஞ்சு, மேலை ரெண்டு
கோடு கீறி வெட்டினன்.
நடுறோட்டிலை தன்பாட்டிலை இறுகாமல் இருக்க
பூட்டு முளையையும் கழட்டியாச்சு.

ஒட்டத்தான் ஆளில்லை.
செபநேசண்ணை, குருநகர்,
வள்ளத்து எஞ்சினுக்கெல்லாம் தண்டு கடையிறவர்,
கையைத் துடைச்சுக்கொண்டே சொன்னார்:
“படலை எண்டால் ஒட்டுவன்.
நங்கூரம் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவன்.
ஸ்ரியறிங் ஒட்டமாட்டன், பிள்ளை.
படலை விழுந்தால் மாடுதான் உள்ளுக்கு வரும்.”

அவர் கதைக்கேக்கை நான்
அவரின்ரை மேல்வரிசையைப் பாத்துக்கொண்டு நிண்டன்.
நான் கட்டினது. ரெண்டு வருசம், ஒரு வெடிப்பில்லை.
“அதாலை எலும்பு கடிக்கிறியளோ?”
“கடிக்கிறன்.”
“பயந்து பயந்தோ?”

கனநேரம் பேச்சில்லை.
பிறகு தண்டை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சார்.
ஒட்டுவாராம். ஆனால் முதல் ஓட்டத்திலை
இடப்பக்கச் சீற்றிலை தானும் இருக்கவேணுமாம்.
வேறை ஒருத்தரும் ஏறக்கூடாதாம்.

நாலு நாள் எடுத்தார்.
வெட்டின ரெண்டு நுனிக்கும் மேலாலை ஒரு உறை,
உறையிலை நாலு துளை, துளைக்குள்ளை நெருப்பு,
பிறகு சுத்திவர ஒரு வளையம்.
நான் பூதக்கண்ணாடியாலை பாத்தன்.
அவர் நான் பாக்கிறதைப் பாத்தார்.

ஞாயிறு காலமை பண்ணைப் பாலம்.
ரெண்டு பக்கமும் கடல்.
அண்ணையின்ரை கை கதவுப்பிடியிலை வெளுத்துப்போய்.
நாப்பது. அம்பது.
தண்டு அசையேல்லை, வளையம் நடுங்கேல்லை.
மண்டைதீவுச் சந்தியிலை திருப்புவம் எண்டு
வலப்பக்கம் முழுக்க ஒடிச்சன்.

ஹோன்.

விடாமல், கலியாணக் கார் மாதிரி.
வலையோடை இடுப்பளவு தண்ணியிலை நிண்டவை
நிமிர்ந்து பாத்தினம். கொக்கெல்லாம் எழும்பிச்சுது.
நேராக்க நிண்டுது. ஒடிக்கத் தொடங்கிச்சுது.
வெட்டேக்கை ஹோன் வயரையும் எங்கேயோ நசிச்சிருக்கிறன்.

திரும்பி வரேக்கை குருநகர் வலப்பக்கம்.
பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வாற நேரம்.
“இடப்பக்கத்தாலை சுத்திக்கொண்டு போவமோ அண்ணை?”
கதவுப்பிடியிலையிருந்து கையை எடுத்தார்.
“என்னத்துக்கு? வலப்பக்கமே ஒடி.”
அப்பதான் மேல்வரிசை முழுசாத் தெரிஞ்சுது,
பதினாலு பல்லும்.